ஒரு கிளட்ச், பல கையெழுத்து: கார் ஏசி வயரிங்கின் கதை

என் மேஜை மேல் நாலு அங்குல நீளத்தில் ஒரு சிவப்பு வயர் கிடக்கிறது. இரண்டு முனையிலும் மேல்தோலைச் சீவி, செம்பு இழைகளை முறுக்கி, 'ப' எழுத்து மாதிரி வளைத்திருக்கிறார்கள். போன வருடம் மே மாதம் வரை இது என் காரின் முன்பக்கம், கண்டன்சருக்குப் பக்கத்தில் ஒரு சாக்கெட்டுக்குள் செருகியிருந்தது. எனக்குத் தெரியவே தெரியாது.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய சின்ன கார். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொல்லிமலைக்குக் கிளம்பினோம். சேந்தமங்கலத்திலிருந்து காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி வந்தால் மலை ஏற ஆரம்பித்துவிடும், மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. நல்ல வெயில், அம்மா ஏசியை அணைக்க வேண்டாம் என்றார். இருபது வளைவு தாண்டியிருப்போம். முன்னாலிருந்து ஒரு கிரீச் சத்தம், ரப்பர் கருகும் வாசனை. டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தது, சூட்டைக் காட்டும் முள் மெல்ல ஏறியது. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால் பெல்ட் நார் நாராகக் கிழிந்து கிடந்தது. ஏசி கம்ப்ரஸர் இறுகி நின்றுவிட்டது. அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் தண்ணி பம்பையும் ஓட்டுகிறது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

வண்டியைக் கீழே இறக்கி, சேந்தமங்கலத்தில் பல வருடங்களாக லாரி வயரிங் பார்க்கும் ஓர் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனோம். கம்ப்ரஸரை அவர் தொடவே இல்லை. நேராகக் குனிந்து அந்தச் சாக்கெட்டிலிருந்து இந்த வயரை உருவி என் கையில் கொடுத்தார்.

"தம்பி, இத யாரு போட்டாங்க?"

"தெரியலைங்கண்ணா. வாங்கும்போதே இருந்திருக்கும்."

"இது இருக்கற வரைக்கும், கேஸ் இல்லைன்னு வண்டி கத்துனாலும் யாருக்கும் கேக்காதுங்க."

அங்கே இருந்திருக்க வேண்டியது ப்ரஷர் சுவிட்ச். கேஸ் கசிந்து அழுத்தம் குறைந்தால், கம்ப்ரஸருக்குப் போகும் மின்சாரத்தை அது வெட்டிவிடும். கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு கலந்துதான் குழாய்களில் சுற்றி வருகிறது. கேஸ் இல்லையென்றால் எண்ணெயும் திரும்பி வராது, வறட்டு ஓட்டம்தான். எனக்கு முன்னால் யாரோ, ஏசி அடிக்கடி கட் ஆகிறது என்று ஏதோ ஒரு பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கசிவைத் தேடாமல் சுவிட்சைக் கழற்றிவிட்டு 'டைரக்ட்' கொடுத்துவிட்டார்கள். கம்ப்ரஸர், பெல்ட், கேஸ் எல்லாம் சேர்த்து வந்த பில் என் ஒரு மாதக் கடன் தவணையைத் தாண்டியது.

ஒரு காரின் ஏசி பட்டனுக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவில் இத்தனை பேர் எதற்கு நிற்கிறார்கள், யார் அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது என்ற கேள்வி அன்றைக்குத் தொற்றிக்கொண்டது. ஒரு வருடமாக அங்கங்கே படித்ததையும், அந்த அண்ணன் கடை வாசலில் உட்கார்ந்து கேட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வயரே இல்லாத காலம்

தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் கார் அமெரிக்காவின் பேக்கார்ட். 1939 நவம்பரில் சிகாகோ கார் கண்காட்சியில் காட்டினார்கள், 1940 மாடல் கார்களில் 274 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கிடைத்தது. குளிர்விக்கும் பாகம் டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. கம்ப்ரஸர் முன்னால் எஞ்சினோடு இருந்தது. இரண்டுக்கும் நடுவில் காரின் முழு நீளத்துக்குக் குழாய் ஓடியது.

இதில் மின்சார வேலை என்று பார்த்தால் ப்ளோயர் விசிறிக்கு ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். கம்ப்ரஸரை நிறுத்த வழியே கிடையாது. எஞ்சின் சுற்றினால் பெல்ட் சுற்றும், பெல்ட் சுற்றினால் கம்ப்ரஸரும் சுற்றும். குளிர்காலம் வந்ததும் பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கோடையில் மறுபடி மாட்ட வேண்டும். அதாவது உலகின் முதல் கார் ஏசிக்கு ஆன்-ஆஃப் சுவிட்ச் ஒரு ஸ்பேனர். ஓரிரண்டு வருடத்திலேயே பேக்கார்ட் இதைக் கைவிட்டது. விலையும் ஒரு காரணம், போரும் வந்துவிட்டது.

போருக்குப் பிறகு 1953-ல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் மறுபடி ஆரம்பித்தன. அடுத்த வருடம் 1954-ல் நேஷ் என்ற கம்பெனி எல்லாப் பாகங்களையும் பானெட்டுக்குள் அடக்கி, ஹீட்டர், ஏசி இரண்டையும் டேஷ்போர்டில் ஒரே இடத்திலிருந்து இயக்கும்படி செய்து, 345 டாலருக்கு விற்றது. இந்த நேஷ் கம்பெனியின் முழுப்பெயர் நேஷ்-கெல்வினேட்டர். ஆமாம், நம் வீடுகளில் இருந்த அதே கெல்வினேட்டர் ஃப்ரிட்ஜ்தான். ஜெனரல் மோட்டார்ஸ் கையில் ஃப்ரிஜிடேர் இருந்தது, கிரைஸ்லரிடம் ஏர்டெம்ப் இருந்தது. கார் ஏசி என்பதே ஃப்ரிட்ஜ்காரர்கள் காருக்குள் நுழைந்த கதைதான். (நேஷ் அந்த ஏசியைப் பொருத்திய ஒரு மாடலின் பெயர் அம்பாசடர். நம்ம அம்பாசடருக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான், ஜாதகப் பொருத்தம் கிடையாது.)

வயரிங்கின் உண்மையான கதை 1950களின் நடுவில், மின்காந்தக் கிளட்ச் வந்த பிறகு தொடங்குகிறது. கம்ப்ரஸரின் முன்னால் இருக்கும் புல்லி சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் ஒரு செம்புக் காயில். அதில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி, எதிரே இருக்கும் தட்டை 'டக்' என்று இழுத்து ஒட்டிக்கொள்ளும், கம்ப்ரஸர் சுற்றத் தொடங்கும். ஏசி போட்டதும் கேட்கிறதே ஒரு சின்ன 'டக்', அந்தச் சத்தம்தான். 12 வோல்ட் காரில் இந்தக் காயில் மூன்று நாலு ஆம்பியர் எடுக்கும். ஸ்பேனர் செய்த வேலையை இப்போது ஒரு வயர் செய்தது.

ஒரு வயரால் இயங்குகிறது என்றால் வழியில் யார் வேண்டுமானாலும் அதை வெட்டலாம். அடுத்த எழுபது வருடமும் அந்த வயரை வெட்டும் உரிமை யார் யாருக்கெல்லாம் கிடைத்தது என்பதுதான் மிச்சக் கதை.

கையெழுத்து போடுகிறவர்கள்

தாலுகா ஆபீசில் ஒரு ஃபைல் நகர வேண்டுமென்றால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று வரிசையாகக் கையெழுத்து வேண்டும். ஒருவர் லீவில் போனாலும் ஃபைல் நிற்கும். பழைய கார் ஏசி வயரிங்கும் அதே மாதிரிதான்.

பேட்டரியிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து இக்னிஷன் சாவி, பிறகு ப்ளோயர் சுவிட்ச், பிறகு ஏசி பட்டன், பிறகு தெர்மோஸ்டாட், பிறகு ப்ரஷர் சுவிட்ச், பிறகுதான் கிளட்ச். எல்லாம் ஒரே வரிசை. நான் பி.இ.யில் அண்ட் கேட் படித்தது கரும்பலகையில். அது இரும்பிலும் செம்பிலும் எப்படி இருக்கும் என்று நாற்பது வயதுக்கு மேல் ஒரு லாரிப் பட்டறையில் பார்த்தேன். எல்லா உள்ளீடும் ஒன்றாக இருந்தால்தான் வெளியீடு ஒன்று.

ஏன் ப்ளோயர் போடாமல் ஏசி பட்டனை அழுத்தினால் விளக்கு எரிவதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? காற்று ஓடாமல் கம்ப்ரஸர் ஓடினால் கூலிங் காயிலின் மேல் ஈரம் பனிக்கட்டியாக உறைந்து அடைத்துவிடும். அதனால் ப்ளோயரின் கையெழுத்து முதலில். ப்ளோயர் ஓடினாலும், ஈரக்காற்றில் காயில் உறைநிலைக்குப் பக்கத்தில் போய்விடலாம். அதைக் கவனிக்கத் தெர்மோஸ்டாட்: காயிலின் தகடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய குழாயைச் செருகி, குளிர் எல்லை தாண்டினால் வயரை வெட்டும்.

இந்த உறைதல் பிரச்சினைக்கு இன்னொரு வழியும் இருந்தது. 1960களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் ஏசி போட்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வால்வுதான் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி காயிலை உறையாமல் பார்த்துக்கொண்டது. மிக நுட்பமான வால்வு, மின்சாரமே தேவையில்லை. ஆனால் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எஞ்சின் அதைச் சுமந்தே ஆக வேண்டும். 1970களில் பெட்ரோல் விலை ஏறிய பிறகு அந்தக் கம்பெனியே கிளட்சை விட்டு விட்டு இயக்கும் முறைக்கு மாறிவிட்டது.

என் சிவப்பு வயரின் தாத்தாவையும் அந்தக் காலத்தில்தான் கண்டுபிடித்தேன். 1970களின் தொடக்கத்தில் அதே கம்பெனி கேஸ் குறைவைக் கண்டுபிடிக்க ஒரு விசித்திர ஏற்பாடு செய்தது. கேஸ் குறைந்தால் கம்ப்ரஸர் அளவுக்கு மேல் சூடாகும். அதன் பின்பக்கம் ஒரு சுவிட்ச் அதை உணர்ந்து, ஒரு சின்ன ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்கும். ஹீட்டர் பக்கத்தில் இருக்கும் ஃபியூசை உருக்கிவிடும், கிளட்ச் நின்றுவிடும். கேஸ் கசிவை அடைத்து, புது ஃபியூஸ் போட்டால்தான் மறுபடி ஓடும். தன் கழுத்தைத் தானே வெட்டிக்கொண்டு கம்ப்ரஸரைக் காப்பாற்றும் காவல்காரன். எனக்கு இது மிகவும் பிடித்தது. மென்பொருளில் இப்படி எழுதினால் மேனேஜர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பிறகு வந்த ப்ரஷர் சுவிட்ச் இதைவிட எளிது. இன்றைய கேஸில் அழுத்தம் சுமார் 2 பார் அளவுக்குக் கீழே போனாலும் வெட்டும், 30 பார் பக்கம் ஏறினாலும் வெட்டும். நடுவில் ஓர் அளவைத் தாண்டினால் ரேடியேட்டர் விசிறியை வேகமாகச் சுற்றச் சொல்லும். ஒரே டப்பாவில் மூன்று வேலை. இதைத்தான் நாலு அங்குல வயரால் வாயடைத்திருந்தார்கள்.

சேந்தமங்கலத்தில் ஜெர்மன் எண்கள்

மூன்று நாலு ஆம்பியர் என்றேன். அவ்வளவு மின்சாரமும் டேஷ்போர்டில் இருக்கும் சின்னச் சின்ன சுவிட்சுகள் எல்லாவற்றின் வழியாகவும் போனால் அவற்றின் முனைகள் நாளடைவில் கருகும். இதற்குத்தான் ரிலே. சின்ன மின்சாரம் ஒரு காயிலைத் தூண்ட, அந்தக் காயில் பெரிய மின்சாரத்தின் கதவைத் திறக்கும்.

எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் ரிலேயைக் கையில் எடுத்தால் பேசுவதெல்லாம் எண்களில்தான். "முப்பதுல மெயின் வருதா பாரு, எண்பத்தேழுல வெளிய போகுதா பாரு, எண்பத்தஞ்சுக்கு எர்த்து இருக்கா?" என்று பையனைக் கேட்பார். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். முப்பதுக்குப் பிறகு ஏன் முப்பத்தொன்று வராமல் எண்பத்தைந்துக்குத் தாவுகிறது?

அது ஜெர்மனியின் தொழில் தர நிர்ணயம். டிஐஎன் 72552 என்று பெயர். காரில் இருக்கும் ஒவ்வொரு மின் முனைக்கும் ஒரு நிரந்தர எண். 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் பாசிட்டிவ். 15 என்றால் சாவி போட்ட பிறகு வருவது. 31 என்றால் எர்த்து. 50 என்றால் ஸ்டார்ட்டர். ரிலேயின் காயிலுக்கு 85, 86. வெளியே போவது 87. ரிலே தூங்கும்போது மட்டும் இணைந்திருப்பது 87ஏ. முப்பத்தொன்று ரிலேயில் இல்லாமல் போனதற்குக் காரணம், அது வண்டியின் உடம்புக்கே கொடுத்த எண். ரிலே அடியில் இந்த எண்கள் அச்சடித்து வருவதால், ஜெர்மன் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல், வண்டி ஜப்பானா கொரியாவா என்று பார்க்காமல், யாரும் யாருக்கும் வயரிங் சொல்லிக்கொடுக்க முடிகிறது. பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத ஒருவர் இந்தத் தர நிர்ணயத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறார். அவரிடம் இது ஜெர்மன் ஆட்கள் வைத்த எண் என்றேன். "அப்படிங்களா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்.

கிளட்ச் காயிலைப் பற்றி அவர் சொன்ன இன்னொரு விஷயம்: அதன் குறுக்கே ஒரு சின்ன டயோடு இருக்கும், அதை வெட்டி எறிந்துவிடக் கூடாது. காயிலுக்கு மின்சாரம் நிற்கும் கணத்தில் அதில் சேர்ந்திருந்த காந்தம் குலைந்து, எதிர்த்திசையில் நூறு வோல்ட்டைத் தாண்டும் ஒரு வெட்டு கிளம்பும். டயோடு அதை அங்கேயே சுற்ற விட்டு அடக்கிவிடும். அது இல்லையென்றால் ரிலே முனை கருகும், பக்கத்தில் கம்ப்யூட்டர் இருந்தால் அதற்கும் ஆபத்து. "ஏசி ஆஃப் ஆகுறப்ப ரேடியோவுல டப்புனு கேட்டா டயோடு போச்சுன்னு அர்த்தம்" என்றார்.

அப்படியே ப்ளோயரையும் சொல்லிவிடுகிறேன், நிறைய பேருக்கு உபயோகப்படும். முதல் மூன்று வேகமும் வேலை செய்யாமல் கடைசி வேகம் மட்டும் வேலை செய்கிறதா? மோட்டாரை மாற்றாதீர்கள். மூன்று வேகங்களும் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகின்றன, கடைசி வேகம் அதைத் தொடாமல் நேராகப் போகிறது. போனது அந்த ரெசிஸ்டர். அது சூடாகும் பொருள் என்பதால் குளிர்வதற்காகக் காற்றுப்பாதைக்குள்ளேயே வைத்திருப்பார்கள்.

கொல்லிமலையும் நாற்பது குதிரையும்

இந்தியாவில் ஏசி என்பது காரோடு பிறந்ததாக மாறியது மாருதிக்குப் பிறகுதான். அதற்கு முன் வசதி உள்ளவர்கள் அம்பாசடரில் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டியைத் தொங்கவிட்டுப் பொருத்திக்கொண்டார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1985-ல் சுஸுகி, டென்சோ என்ற இரண்டு ஜப்பான் கம்பெனிகளின் கூட்டோடு சுப்ரோஸ் தொடங்கப்பட்டு, கார் ஏசிகள் இங்கேயே உருவாக ஆரம்பித்தன.

ஆனால் 796 சிசி எஞ்சின், கிட்டத்தட்ட நாற்பது குதிரைத்திறன். அதில் இரண்டு மூன்று குதிரைகளைக் கம்ப்ரஸர் கொண்டுபோய்விடும். சிக்னலில் நிற்கும்போது கிளட்ச் 'டக்' என்று ஒட்டினால் எஞ்சின் குலுங்கி அணைந்துவிடும். அதனால் அந்த வயரோடு இன்னொரு கிளை சேர்ந்தது: கம்ப்ரஸர் ஓடும்போது கார்புரேட்டரின் ஐடிலைக் கொஞ்சம் தூக்கிவிடும் ஒரு வேக்கம் வால்வு. 1990களில் சின்ன கார் வைத்திருந்த எங்கள் பக்கத்து ஆட்கள் காரவள்ளி வந்ததும் ஏசியை அணைத்துவிடுவார்கள். செக்போஸ்ட்டில் வேகத்தைக் குறைப்பது மாதிரி அது ஒரு அனிச்சைச் செயல். அந்தக் கையெழுத்தை டிரைவரே போட்டார்.

2000 வாக்கில் புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் எரிபொருள் இன்ஜெக்ஷன் வந்தது. ஏசி வயரிங்கில் அதிகாரம் கைமாறியது அப்போதுதான். அதுவரை ஏசி பட்டன் என்பது கட்டளை. அதன் பிறகு அது விண்ணப்பம். பட்டனிலிருந்து ஒரு வயர் எஞ்சினின் ஈசியுவுக்குப் போய், "ஏசி வேண்டுமாம்" என்று சொல்லும். ஈசியு எஞ்சின் சூடு, ஆக்ஸிலரேட்டர் மிதி, சுற்று வேகம் எல்லாவற்றையும் பார்க்கும். முதலில் ஐடிலைத் தூக்கிவிட்டு, அப்புறம்தான் ரிலேக்கு அனுமதி கொடுக்கும். முழுசாக மிதித்து லாரியைத் தாண்டும்போது சில நொடி கம்ப்ரஸரை வெட்டும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

பல கார்களில் ஈசியு ரிலேக்குப் பாசிட்டிவ் கொடுப்பதில்லை, எர்த்துதான் கொடுக்கும். 86-ல் சாவி போட்டதுமே மின்சாரம் வந்து காத்திருக்கும், 85-ஐ ஈசியு எர்த்தில் சேர்த்தால் வேலை நடக்கும். பழைய பழக்கத்தில் "மெயின் வருதா" என்று மட்டும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தவர்கள் இங்கே ரொம்பக் குழம்பினார்கள். மெயின் இருக்கிறது, ரிலே நல்ல ரிலே, ஆனாலும் கிளட்ச் ஒட்டவில்லை. அண்ணனும் இந்த இடத்தில் ஒரு ஈசியுவை இழந்திருக்கிறார். டெஸ்ட் லாம்பின் பல்பு அரை ஆம்பியர் பக்கம் இழுக்கும். ஒரு சென்சார் வயரில் அதை வைத்ததும் போய்விட்டதாம். வண்டிக்காரருக்குத் தன் கைக்காசைக் கொடுத்துச் சரிக்கட்டினார். அடுத்த வாரமே மல்ட்டிமீட்டர் வாங்கினார்.

தானாகவே முடிவெடுக்கும் பெட்டி

ஆட்டோமேட்டிக் கிளைமேட் கன்ட்ரோல் என்று இன்றைக்கு விளம்பரம் செய்வது 1964-லேயே கேடிலாக் கார்களில் வந்துவிட்டது. 'கம்ஃபர்ட் கன்ட்ரோல்' என்று பெயர். டிரைவர் எத்தனை டிகிரி என்று மட்டும் சொன்னால் போதும், வெளிக்காற்று, உள்காற்று வெப்பத்தைத் தெர்மிஸ்டர்கள் அளந்து சொல்ல, சூடும் குளிரும் தானாகக் கலந்து வரும். தெர்மிஸ்டர் என்றால் வெப்பத்துக்கு ஏற்றபடி மின்தடை மாறும் ஒரு மிளகளவு பொருள். கம்ப்யூட்டர் சிப் எதுவும் இல்லாத காலம் அது.

அந்த உள்காற்று சென்சார் இன்றும் ஆட்டோ ஏசி கார்களில் இருக்கிறது. டேஷ்போர்டில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் விரல் நுனி அளவு ஒரு சின்னச் சல்லடை தெரியும். பலர் அதை மைக் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே ஒரு குழாய் காற்றை மெல்ல உறிஞ்சி சென்சார் மேல் ஓட்டும். கோழிப்பண்ணைத் தூசும் லாரிப் புழுதியும் உள்ள நம் நாமக்கல் பக்கம் அந்தச் சல்லடை அடைத்துக்கொண்டால், பெட்டி தவறான கணக்கில் குளிரைக் கொட்டும் அல்லது நிறுத்தும். ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும்.

கன்ட்ரோல் பெட்டி புத்திசாலி ஆக ஆக அதன் பின்னால் வயர் பெருகியது. சென்சார்களுக்கு, காற்றைத் திருப்பும் மோட்டார்களுக்கு, அந்த மோட்டார்கள் எங்கே நிற்கின்றன என்று திருப்பிச் சொல்ல, ப்ளோயருக்கு, விளக்குக்கு என்று இருபது முப்பது வயர் ஒரே சாக்கெட்டில். இதற்கு முடிவு கட்டியது பாஷ் கம்பெனி 1986-ல் டெட்ராய்ட் மாநாட்டில் அறிமுகப்படுத்திய 'கேன்' முறை. (தண்ணி கேன் இல்லீங்க.) முறுக்கிய இரண்டே வயரில் எல்லாப் பெட்டிகளும் முறை வைத்துப் பேசிக்கொள்ளும். இன்றைய சில கார்களில் ஏசி பேனலின் பின்னால் பார்த்தால் முக்கியமாக நாலு வயர்தான்: மெயின், எர்த்து, கேனுக்கு இரண்டு.

என் தொழில் மென்பொருள் என்பதால் இதைப் பார்த்து நான் சந்தோஷப்பட வேண்டும். பட்டறை வாசலில் உட்கார்ந்து பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம் வரவில்லை. முப்பது வயர் இருந்தபோது ஒவ்வொன்றும் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னது. இது தெர்மோஸ்டாட், இது ப்ரஷர் என்று தொட்டுக் காட்டலாம். இப்போது இரண்டு வயரும் எல்லா விஷயத்தையும் சொல்கின்றன, அதைக் கேட்க ஸ்கேனர் வேண்டும். மல்ட்டிமீட்டர் வைத்தால் இரண்டரை வோல்ட் பக்கம் காட்டும், வண்டி அணைந்திருக்கும்போது இரண்டு வயருக்கும் நடுவே 60 ஓம் இருந்தால் பாதை அறுபடவில்லை என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அண்ணனின் பையன் ஸ்கேனர் வாங்கிவிட்டான். அவன் திரையைப் படித்துச் சொல்ல, இவர் வண்டியின் அடியில் படுத்திருக்கிறார்.

இன்னொரு பக்கம், ப்ரஷர் சுவிட்ச் இருந்த இடத்தில் இப்போது அழுத்தத்தை அளவாகவே சொல்லும் சென்சார் வந்துவிட்டது. மூன்று வயர். அதில் 'ப' வயரைச் செருகி ஏமாற்ற முடியாது. என் கார் புதிய மாடலாக இருந்திருந்தால் அந்தப் பட்டறைக்காரர் கசிவைத் தேடியே ஆக வேண்டியிருந்திருக்கும். 2003-ல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா ப்ரியஸ் காரில் கம்ப்ரஸரே மின்மோட்டாரில் ஓட ஆரம்பித்தது. எலக்ட்ரிக் கார்களிலும் அப்படித்தான். அங்கே பெல்ட் இல்லை, கிளட்ச் இல்லை, 'டக்' சத்தமும் இல்லை. ஆரஞ்சு நிறத்தில் தடித்த வயர் போகும். அதில் உயிரைப் பறிக்கும் வோல்ட்டேஜ், பயிற்சி இல்லாதவர் கை வைக்கவே கூடாது.

லாரிக்கு வந்த வயர்

இத்தனை வருடமும் இந்தக் கதையில் லாரி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? எங்கள் மாமா இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டினார். கேபினுக்குள்ளேயே எஞ்சின் மேடு, கால் பக்கம் கொதிக்கும். ஜன்னலில் ஈரத்துண்டைத் தொங்கவிட்டு ஓட்டுவார், நாக்பூர் தாண்டுவதற்குள் துண்டு காய்ந்துவிடும் என்பார். வால்வோ 1998-ல் ஏசி கேபினோடு லாரிகளைக் கொண்டுவந்தது. ஆனால் நம் ரோட்டில் ஓடிய பெரும்பாலான லாரிகளுக்கு அது எட்டாத பொருளாகவே இருந்தது.

2023 ஜூலையில் மத்திய அரசு ஒரு வரைவு விதி வெளியிட்டது. அந்த டிசம்பரில் அது இறுதியானது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் என்2, என்3 வகை லாரிகளின் கேபினில், அதாவது மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில், ஏசி கட்டாயம். காருக்கு பேக்கார்டில் வந்தது லாரி டிரைவருக்கு உரிமையாக வர 85 வருடம் ஆகியிருக்கிறது.

சட்டம் கேபினுக்கு. ஆனால் கேபின் எங்கே பிறக்கிறது? கம்பெனியில் முழுசாகக் கட்டி வருவதும் உண்டு. வெறும் சேசிஸ், எஞ்சின், ஸ்டீயரிங் மட்டும் வருவதும் உண்டு. ஓசூர் ரோட்டில் கதவும் கூரையும் இல்லாத லாரியை, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் ஓட்டிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல நாமக்கல் பக்கம் பாடி கட்டும் பட்டறைகளுக்குத்தான் வரும். கேபின் இங்கே, மரமும் ஆங்கிளும் தகடுமாக உருவாகிறது. அதற்குள் ஓடும் வயரும் இங்கேதான் ஓடுகிறது.

அண்ணனுக்கு இதில்தான் கவலை. லாரி 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையில் கட்டியது. டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்தே ஒரு குறுக்குவழி உண்டு: 12 வோல்ட் சாமானுக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுப்பது. அந்த ஒரு பேட்டரி இறங்கிக்கொண்டே போகும், இன்னொன்று அளவுக்கு மேல் சார்ஜ் ஆகும், கடைசியில் இரண்டும் போகும். பாட்டுப் பெட்டிக்கே இந்தக் கதி என்றால், ப்ளோயர் இழுக்கும் மின்சாரத்துக்கு இப்படி யாராவது 12 வோல்ட் மோட்டாரை மாட்டினால்? ஃபியூசைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்காமல் டேஷ்போர்டு பக்கம் வைத்தால், நடுவில் ஓடும் பத்தடி வயருக்குக் காவலே இல்லை. தகட்டு ஓட்டை விளிம்பில் ரப்பர் புஷ் போடாமல் வயரை நுழைத்தால், கல்லிலும் குழியிலும் ஆடி ஆடி தோல் அறுந்து தகட்டைத் தொடும். அப்போது ஃபியூஸ் எரியாது, வயர்தான் எரியும். டிரைவர் பின்னால் படுத்துத் தூங்கும் கேபின் அது.

போன மாதம் போனபோது பட்டறையில் ஒரு புது லாரி நின்றது. கூரை இன்னும் போடவில்லை. அண்ணன் எஞ்சின் பக்கம் உட்கார்ந்து, கம்ப்ரஸரிலிருந்து கேபினுக்குப் போகும் வயரை நெளிகுழாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தார். பையன் கீழே ரிலே பலகையில் எண்களைப் பார்த்து வயரைச் செருகிக்கொண்டிருந்தான்.

"ப்ரஷர் சுவிட்ச் மாட்டிட்டயாடா?"

"மாட்டிட்டேம்ப்பா."

"உருவிக் காட்டு."

அவன் சாக்கெட்டை உருவினான். கிளட்ச் 'டக்' என்று விட்டது. மறுபடி செருகினான், ஒட்டியது. அண்ணன் என் பக்கம் திரும்பி, "அந்த வயர இன்னும் வெச்சிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டார்.